ஏசி சர்வீஸ் தொழிலுக்குக் காசில்லா விளம்பரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம், இரவு ஒன்பது மணி. படுக்கையறை ஏசி ஓடுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் குளிர் இல்லை. வீட்டுக்காரர் முதலில் போன தடவை வந்த மெக்கானிக்கின் நம்பரைத் தேடுவார். கிடைக்காவிட்டால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல ஏசி மெக்கானிக் யாராவது தெரியுமா?" என்று கேட்பார். அங்கேயும் பதில் வரவில்லை என்றால் கூகுள் மேப்ஸைத் திறப்பார். இந்த மூன்று இடங்களிலும் உங்கள் நம்பர் இருப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றிரண்டு ஆட்களோடு தொழில் செய்பவர்களில் பலர் இந்த மூன்றையும் அரைகுறையாக விட்டுவிட்டு, ஊர் முழுக்கப் பெயர் பரவ வேண்டும் என்று அலைகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய வாடிக்கையாளரிடம் நம்பர் இல்லாமல் போவது

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு இதுதான். கொடுத்துவிட்டு வந்த விசிட்டிங் கார்டு ஒரே வாரத்தில் ஏதோ ஒரு டிராயருக்குள் போய்விடும். ஸ்டிக்கர் ஒட்டுபவர்களும் பெரும்பாலும் தப்பான இடத்தில் ஒட்டுகிறார்கள். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டினால் வெயிலில் எழுத்து வெளுத்துவிடும். மொட்டை மாடியிலும் சன்ஷேடிலும் இருப்பதை யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை. இண்டோர் யூனிட்டின் முகப்பில் ஒட்டினால் பார்வைக்கு உறுத்துகிறது என்று அன்றைக்கே உரித்துவிடுவார்கள். ஸ்டெபிலைசரின் பக்கவாட்டுதான் சரியான இடம். ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில், கேட்டுக்கொண்டு, ஏசி சுவிட்சின் அருகே ஒட்டலாம். ஏசி நின்றால் கை முதலில் போவது அங்கேதான். மாடலும் சீரியல் நம்பரும் உள்ள லேபிளை மட்டும் மறைத்துவிடாதீர்கள். வாரன்டிக்கு அது தேவைப்படும்.

ஸ்டிக்கரில் போன் நம்பர், சர்வீஸ் செய்த தேதி, அடுத்த சர்வீஸ் மாதம், கேஸ் வகை ஆகியவை இருக்கட்டும். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 இவற்றில் எது என்பது ஸ்டிக்கரில் இருந்தால், அடுத்த முறை போனிலேயே கேட்டுக்கொண்டு சரியான சிலிண்டரோடு கிளம்பலாம். வழவழப்பான ஸ்டிக்கரில் பால்பாயின்ட் பேனா பிடிக்காது. பெர்மனென்ட் மார்க்கரால் எழுதுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் நம்பரை அவர் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். "இருநூறு பேருக்கு அனுப்பினேன், பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை" என்று வருந்துபவர்கள் பலருக்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நினைவூட்டும் செய்தியை மே மாதத்தில் அனுப்பிப் பயனில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது கையில் உள்ள வேலையையே முடிக்க முடியாது. பிப்ரவரி நடுவில் அனுப்பினால், வெயில் ஏறும் முன் ஃபில்டர், பிளோயர், டிரெயின் டிரே எல்லாம் கழுவி முடித்துவிடலாம், இரண்டு மாதத்துக்கு வேலையும் சீராகக் கிடைக்கும். வேலை குறையும் காலத்துக்கும் ஒரு வழி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற நம்மூரில் தயங்குவார்கள். ஆவணியிலும் தையிலும் மாறுவார்கள். ஏசியைக் கழற்றி மாட்டும் வேலைக்கான செய்தியை ஆடிக் கடைசியிலும் மார்கழிக் கடைசியிலும் அனுப்புங்கள்.

தினமும் "இனிய காலை வணக்கம்" படம் அனுப்புவதை விட்டுவிடுங்கள். நான்காம் நாளே மியூட் செய்துவிடுவார்கள், பிப்ரவரியில் அனுப்பும் முக்கியமான செய்தியும் அதோடு போய்விடும். எங்கிருந்தோ வாங்கிய நம்பர் பட்டியலுக்கு மொத்தமாக அழைப்பதும் எஸ்எம்எஸ் அனுப்புவதும் இன்னும் மோசம். பதிவு செய்யாத சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளுக்கு எதிரானது. தொல்லை அழைப்புகளுக்கான புகார் எண் 1909-க்குப் புகார் போனால் நம்பரே துண்டிக்கப்படலாம். அத்தனை ஸ்டிக்கரிலும் இருக்கும் நம்பர் அது.

அபார்ட்மென்ட்டில் அனுமதியில்லாமல் நுழைவது

ஒரு குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வேலை செய்த உடனே, அவர் மூலம் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து விளம்பரம் போடுவார்கள் சிலர். அன்று மாலையே அட்மின் நீக்கிவிடுவார். அறிமுகப்படுத்தியவருக்கும் சங்கடம். அந்தக் குழுவில் நீங்கள் இருக்கவே வேண்டியதில்லை. யாராவது கேட்கும்போது உங்கள் நம்பரைப் போடும் இரண்டு பேர் அங்கே இருந்தால் போதும்.

அதற்குச் சங்கச் செயலாளரைப் பாருங்கள். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒரு ஏ4 தாள் ஒட்ட அனுமதி கேளுங்கள். தாளின் அடியில் நம்பரைப் பத்து முறை செங்குத்தாக அச்சிட்டு, இடையில் கத்தரித்துவிட்டால் கிழித்துக்கொண்டு போவார்கள். அதைவிட நல்ல வழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கால் மணி நேரம் ஃபில்டர் கழுவுவதைச் செய்து காட்டுவது. எப்படிக் கழற்றுவது, குழாய்த் தண்ணீரில் எந்தப் பக்கமிருந்து அடிப்பது, ஏன் வெயிலில் போடாமல் நிழலில் காயவைக்க வேண்டும் என்பதெல்லாம். "இதைச் சொல்லிக்கொடுத்தால் நம் வேலை போய்விடாதா?" என்ற பயம் வேண்டாம். ஃபில்டர் கழுவத் தெரிந்தவருக்கும் பிளோயர் கழுவ ஆள் வேண்டும்.

வாட்ச்மேனுக்கு ஒவ்வொரு வேலைக்கும் கமிஷன் என்று பேசிக்கொள்வது இலவசம்போலத் தோன்றும். அந்தப் பணம் எப்படியும் பில்லில் ஏறும். பக்கத்து வீட்டுக்கு ஒரு தொகை, இந்த வீட்டுக்கு ஒரு தொகை என்று தெரிந்தால் குடியிருப்பே கைவிட்டுப் போகும்.

மின்கம்பத்திலும் மதில் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டுவது, மரத்தில் பலகை அடிப்பது இவை வேண்டவே வேண்டாம். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது. நோட்டீஸில் உங்கள் நம்பர் இருப்பதால், ஒட்டியது யார் என்று தேடவும் வேண்டியதில்லை.

தெருவில் உள்ள எலக்ட்ரீஷியனை மறந்துவிடுவது இன்னொரு குறை. ஏசி போட்டதும் எம்சிபி விழுகிறது என்றால் முதலில் அழைக்கப்படுவது அவர்தான். அவரிடமும் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையிலும் பத்துப் பத்துக் கார்டு கொடுத்து வையுங்கள். பாயின்ட் எடுக்கும் வேலை வந்தால் அவரைக் கூப்பிடுங்கள்.

குறைந்த விலை சொல்லி உள்ளே போய் "கேஸ் இல்லை" என்பது

இது விளம்பரத் தவறா, தொழில் தவறா என்று பிரிக்க முடியாது. அடிமாட்டு விலைக்குச் சர்வீஸ் என்று போட்டுவிட்டு, போன வீட்டிலெல்லாம் கேஸ் ஃபில்லிங் என்று பில்லை ஏற்றுபவர்களால் மொத்தத் தொழிலுக்கும் கெட்ட பெயர். ஏசி கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோவதில்லை. லீக் இருந்தால்தான் குறையும். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் மறுபடி வெளியேறிவிடும். இந்த உண்மையை நீங்களே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதிப் போடுங்கள். சாதா சர்வீஸ், கேஸ் ஃபில்லிங், கழற்றி மாட்டுவது எதற்கு எவ்வளவு என்பதை வாட்ஸ்அப் பிசினஸின் கேட்டலாகில் வெளிப்படையாகப் போட்டுவிட்டால் பேரமும் சந்தேகமும் பாதி குறையும்.

கூகுள் பக்கத்தில் நடக்கும் பிழைகள்

கூகுள் மேப்ஸில் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம்தான். ஆனால் விதிகளைப் படிக்காமல் தொடங்கினால் முடக்கப்படலாம். முதல் தவறு பெயரில். கடைப் பெயருக்குப் பின்னால் "பெஸ்ட் ஏசி சர்வீஸ் வேளச்சேரி 24 மணி நேரம்" என்று ஒட்டிக்கொள்வதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. போர்டிலும் பில்லிலும் உள்ள பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். அடுத்தது வகை. முதன்மை வகையாக ஏசி பழுதுபார்க்கும் சேவையைத் தேர்வு செய்யுங்கள். ஏசி விற்கும் கடை என்று தேர்ந்தெடுத்தால் "ஒன்றரை டன் என்ன விலை?" என்ற அழைப்புகளே வரும்.

கடை இல்லாமல் வீட்டிலிருந்து தொழில் செய்பவர் முகவரியை மறைத்துவிட்டுச் சேவைப் பகுதிகளை மட்டும் காட்டலாம். 20 பகுதிகள் வரை சேர்க்க இடமுண்டு. வேளச்சேரியில் இருப்பவர் அதற்காக ஆவடியையும் அம்பத்தூரையும் சேர்ப்பதில் பலன் இல்லை. தேடுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தையும் கூகுள் பார்க்கிறது, பட்டியலில் ஊர்ப்பெயர் சேர்த்ததால் அங்கே மேலே வந்துவிட மாட்டீர்கள். அப்படியே அழைப்பு வந்தாலும் போகவரவே அரைநாள். மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பள்ளிக்கரணை என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் ஒரு நாளில் நான்கு வீடு முடிக்கலாம். தொலைவில் காட்டிக்கொள்ள ஆளுக்கொரு முகவரியில் இரண்டு, மூன்று புரொஃபைல் திறப்பதும் விதிமீறல். உள்ளதும் போகும்.

இரவில் போன் எடுக்காதவர் "24 மணி நேரம் திறந்திருக்கும்" என்று போடக் கூடாது. எடுக்காத போன் கடைசியில் ஒற்றை நட்சத்திர விமர்சனமாகத் திரும்பி வரும்.

விமர்சனம் கேட்கும் நேரமும் முக்கியம். மறுவாரம் கேட்டால் மறந்துவிடுவார்கள். குளிர் வந்து, பில் கொடுத்த கையோடு விமர்சன லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு ரூபாய் தள்ளுபடி என்பதும், சர்வீஸே செய்துகொள்ளாத சொந்தக்காரர்களை எழுதச் சொல்வதும் விதிக்கு எதிரானவை. அவை நீக்கப்படும்போது புரொஃபைல்மேலும் கண் விழும். மோசமான விமர்சனம் வந்தால் என்ன நடந்தது, என்ன சரிசெய்கிறோம் என்று இரண்டு வரி போதும். கோபத்தில் வாடிக்கையாளரின் வீட்டு எண்ணையோ போன் நம்பரையோ அங்கே எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, யாருடைய ஜிமெயிலில் அந்தப் புரொஃபைல் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். "தம்பி, இதைப் போட்டுக் கொடு" என்று தெரிந்த பையனிடம் சொல்லி, அவன் கணக்கிலேயே திறந்துவிட்ட கடைகள் ஏராளம். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டால் நம்பர் மாற்றக்கூட முடியாது. கூகுளிடம் உரிமை கோரும் வழி இருக்கிறது, ஆனால் அந்தக் கோரிக்கை முதலில் போவது அந்தப் பையனின் மின்னஞ்சலுக்குத்தான். அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே உங்கள் ஜிமெயிலை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏழு நாள் கழிந்த பின் முதன்மை உரிமையாளராக மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, பில் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள்.