குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தாயையும் பாருங்கள்

பல்லடம் பக்கம் உறவுக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. போனவர்கள் எல்லோரும் தொட்டிலை எட்டிப் பார்த்தோம். எடை என்ன, யார் சாயல், பால் போதுகிறதா என்று கேள்விகள். சுவரில் சாய்ந்திருந்த தாய், மடியில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதபோதும் அவள் தலை நிமிரவில்லை. "தூங்கினாயா அம்மிணி?" என்று கேட்டேன். கண் நிறைந்துவிட்டது.

பிரசவம் முடிந்த முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் வாட்டம் நீடித்தால் பிரசவ அலுப்பு என்று ஒதுக்கக் கூடாது. வளரும் நாடுகளில் பிரசவமான பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "நாங்களும்தான் நாலு பெற்றோம், இப்படியா கிடந்தோம்?" என்று பெரியவர்கள் கேட்டுவிட்டால், அவள் அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டாள். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைப்பது அடுத்த தவறு. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சற்று நேரம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, குரல் கொடுத்தது, பலிக்காமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. தாய் மறுபடி சிரித்ததும் மெல்லத் தேறியது. இதைச் சொல்லித் தாயைப் பயமுறுத்த வேண்டாம். எந்தத் தாயாலும் எந்நேரமும் முகம் கொடுக்க முடியாது. விட்டுப்போனதை மறுபடி கொஞ்சி ஒட்டிக்கொள்வதே போதும்.

தூக்கிப் பழக்கினால் கீழே இறங்காது என்ற பேச்சையும் விட்டுவிடலாம். அழுகிற பச்சைக் குழந்தையைத் தூக்குவதால் அது கெட்டுப்போவதில்லை. ஆனால் பொறுமை எல்லை மீறுகிறது என்று பட்டால், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே நின்று வரலாம். எக்காரணம் கொண்டும் குலுக்கக் கூடாது, மூளை காயப்படும். அழுகையை நிறுத்த செல்போனைக் காட்டுவதும் வேண்டாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டில் இருக்கும் தம்பதிக்குக் கைமாற்ற அப்பத்தாவும் இல்லை, அம்மிச்சியும் இல்லை. தோட்டத்துச் சாளையில் இருப்பவளுக்கோ பேச்சுத் துணைக்கே ஆளில்லை. இரண்டு இடத்திலும் கணவர்தான் முதல் ஆள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் அலுப்பு உண்டு, தந்தைக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. இருந்தாலும் குளிப்பாட்டுவதையும் தொட்டில் ஆட்டுவதையும் பெண்கள் வேலை என்று ஒதுங்குவது இருவருக்குமே இழப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. பிரசவமானவள் நாள்கணக்கில் தூங்காமல், இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவேன் என்றாலோ, மந்திரிக்க அழைத்துப்போகாதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லுங்கள். மற்ற வாட்டங்களுக்கு, ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலே வழி பிறக்கும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவர் பார்த்துக் கொடுத்ததைப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம்.

அன்று மாலை அந்த வீட்டு மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போனார். மருமகள் நான்கு மணி நேரம் தூங்கினாள். அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போன இடத்தில், செவிலியரிடம் பேச்சை எடுத்ததும் அந்த மாமியார்தான்.