மாட்டுக்கொட்டகையில் கிடந்த பி.எஸ்.ஏ. எம் 20 மோட்டார் சைக்கிளை ஓட வைப்பது எப்படி

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பேனர் வாங்குங்கள். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற 10, 12, 13, 14 எதுவும் இதற்கு ஆகாது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டியில் நட்டெல்லாம் விட்வொர்த் என்கிற பழைய இங்கிலீஷ் இஞ்ச் கணக்கு. கால் இஞ்ச் என்று அச்சடித்திருக்கும் ஸ்பேனரின் வாயை அளந்து பார்த்தால் 13.3 மில்லிமீட்டர் வரும், ஏனென்றால் அந்தக் கால் இஞ்ச் போல்ட்டின் தண்டுக்குச் சொன்ன அளவு, நட்டின் அகலத்துக்குச் சொன்னது இல்லை. 13 உள்ளே போகாது. 14 போகும், போய் வழுக்கி நட்டின் ஆறு மூலையையும் உருட்டிவிடும். முதல் நாளே நாலு நட்டை இப்படி உருட்டி, அப்புறம் உளி வைத்துத் தட்டிக் கழற்றியவன் நான்.

3/16, 1/4, 5/16 மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். புது செட் வெளியூரிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் மதுரைக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஹார்வி மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். அந்தக் கால மில் மெஷின்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை, அதே விட்வொர்த் நட்டுதான். எனக்குக் கிடைத்த செட் அப்படி ஒரு பெரியவர் வீட்டுப் பரணில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், வண்டி ஓடினால் ஒரு ரவுண்டு கூட்டிப் போ என்றார்.

என் வண்டி உசிலம்பட்டிப் பக்கம் மாமனார் ஊரில், கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. அவருடைய அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். அதில் ஆச்சரியமில்லை, இரண்டாம் உலகப் போருக்காக மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் எம் 20 செய்தார்கள். 496 சிசி, ஒரே சிலிண்டர், சைடு வால்வு, பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது, சீட்டுக்குக் கீழே உள்ள இரண்டு சுருள்தான் நம் முதுகுக்குத் துணை. பி.எஸ்.ஏ. என்று சொன்னால் "சைக்கிள் கம்பெனி தானே" என்று கேட்பார்கள், பழகிக்கொள்ளுங்கள். டேங்கில் மூன்று துப்பாக்கியைக் கூம்பாகச் சாய்த்து வைத்த சின்னம் இருந்தால் காட்டுங்கள், பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. இவ்வளவு செய்ததால் ஒரு வசதியும் உண்டு: பிஸ்டன், ரிங், பேக்கிங் செட், கேபிள் எல்லாம் இன்றைக்கும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அரிதான வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டு பாகம் கிடைக்காத ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாங்குகிறீர்கள் என்றால் இன்ஜினைப் பார்க்கும் முன் ஆர்சி புக்கைப் பாருங்கள். இன்ஜின் நம்பர், ஃபிரேம் நம்பர் இரண்டும் புக்கில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். புக்கே இல்லாத வண்டி கொட்டகைக்குத்தான் அழகு. 50 வயது தாண்டிய, உருமாற்றாத வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் தனிப் பதிவு உண்டு, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஏற்கெனவே பழைய நம்பரில் ஆர்சி உயிரோடு இருந்தால் அதையே புதுப்பித்துக்கொண்டு போவதுதான் என் விருப்பம்.

இப்போது முக்கியமான விஷயம். முதலில் ஓட வையுங்கள், அப்புறம்தான் பெயிண்ட். நான் தலைகீழாகச் செய்தேன். டேங்கை டின்கரிங் செய்து, பட்டி போட்டு, கறுப்பு அடித்து, லாரிக்குப் பெயர் எழுதுகிற ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டுக் கையாலேயே தங்கக்கோடு இழுத்து, வீட்டு வாசலில் நிறுத்தி ஃபோட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. மறுவாரம் பெட்ரோல் ஊற்றியபோது அடியில் மடிப்பு ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை, இரவோடு இரவாகக் கசிந்து பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. திரும்பவும் சுரண்டி, பற்றவைத்து, இரண்டாவது தடவை காசு. பெட்ரோல் டேங்கில் பற்றவைப்பு என்றால் நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தால்தான் கிட்டேயே போக வேண்டும். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்கில்கூட ஆவி இருக்கும்.

டேங்க் துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 100 கிராம், வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பழுப்புத் தண்ணீராக வரும். ஒரு கை பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காய வைத்து உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஓட விடுங்கள். அரை மணி நேரம் ஈரமாக விட்டால் மறுபடி துரு பூக்கும். இந்த ஒரு வேலைக்கு நம்ம சித்திரை வெயிலை மிஞ்ச ஆள் கிடையாது.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள், உடைவது கிக்கர் பல்லாகத்தான் இருக்கும். சைடு வால்வில் ஒரு சௌகரியம், ஹெட்டில் வால்வு எதுவும் இல்லை, வெறும் மூடிதான். போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினால் பிஸ்டன் தலை கண்ணெதிரே. டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். எனக்கு ஒன்பதாவது நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. அந்த அசைவுக்கு வீட்டில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா என்னமோ ஏதோவென்று வந்துவிட்டார்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்துக்குப் போக வேண்டும். சிம்மக்கல் பக்கம் போனாலும் வேறெங்கு போனாலும் ஒன்றை மறக்காதீர்கள்: பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர் போடக் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடி சிலிண்டரைக் குடைவார்கள். முன்கூட்டியே குடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது, செருப்பு வாங்கிவிட்டு அதற்குக் கால் தேடுகிற கதை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கான்ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது சரிதான்.

மெக்கானிக் யார் என்பது அடுத்த கேள்வி. பளபளப்பான பைக் ஒர்க்‌ஷாப்பில் இளவட்டங்கள் ஆசையாகத்தான் கேட்பார்கள், ஆனால் கைக்குப் பழக்கம் இல்லை. நான் கண்டுபிடித்தது செக்கானூரணிப் பக்கம் கிணற்று ஆயில் இன்ஜினும் மண்ணெண்ணெய் பம்புசெட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மெதுவாகச் சுற்றுகிற ஒற்றை சிலிண்டர் அவருக்கு வயிற்றுப்பாடு. ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "நம்ம கெணத்து இன்ஜின் மாதிரிதாம்ப்பா, அவசரப்படுத்தாம இருந்தாப் போதும்" என்றார். டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, வைத்ததும் அவர்தான்: இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது உள்வால்வு 10 தௌ, வெளிவால்வு 12 தௌ (ஒரு இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ). நான் இடைவெளி அளக்கிற பில்லர் கேஜை நீட்டுவதற்குள் அவர் சிகரெட் அட்டையைக் கிழித்து நுழைத்துப் பார்த்துவிட்டார். கேஜில் அளந்தேன், சரியாகத்தான் இருந்தது. நீங்கள் கேஜிலேயே வையுங்கள்.

மேக்னட்டோவில்தான் மதுரை வெயில் தன் வேலையைக் காட்டும். இந்த வண்டி ஓட பேட்டரி வேண்டாம், ஒளிவிளக்குக்கு மட்டும்தான் 6 வோல்ட். பொறி வருவது, இன்ஜின் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்குகிற லூகாஸ் மேக்னட்டோவிலிருந்து. காலையில் இரண்டு கிக்கில் எடுக்கும், 20 கிலோமீட்டர் போனதும் இருமி நின்றுவிடும், வேப்பமரத்தடியில் அரை மணி நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள், அது மேக்னட்டோவுக்குள் இருக்கிற கன்டென்சரின் கோளாறு. காயிலில் பூசிய பழைய அரக்கும் சூட்டில் இளகி ஒழுகும். ஆர்மேச்சரை ரீவைண்டிங் செய்து, கன்டென்சரையும் புதிதாக மாற்றிவிடுங்கள். காசு போகும்தான், ஆனால் இந்த வண்டியில் தயங்காமல் செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இது. மேக்னட்டோவில் திறந்து மூடுகிற பாயிண்டின் இடைவெளி 12 தௌ.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாயை ஊற வைக்கும், பெட்ரோல் டேப்பில் இருக்கிற தக்கையின் பூச்சைக் கரைக்கும், ஈரத்தையும் இழுக்கும். புது ரக ரப்பர் குழாய் மாற்றுங்கள், தக்கை டேப்பைத் தூக்கிவிட்டு உலோக டேப் போடுங்கள், இரண்டு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். பிளக் வெள்ளையாக வெளுத்து வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டுங்கள். ஆக்டேன் பற்றிக் கவலையே வேண்டாம், இந்த இன்ஜினின் அமுக்கம் அவ்வளவு குறைவு.

எண்ணெய் தனி டேங்கில் இருக்கிறது. நாள்பட நின்றால் அது பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கிவிடும். டேங்க் காலி என்று நினைத்து மேலும் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்கப் புகை மண்டலம், கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். ஒரு மாதம் நின்றிருந்தால் முதலில் அடித்தட்டைக் கழற்றி வடியுங்கள். அங்கே உறிஞ்சு குழாயில் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும், கம்பியால் தட்டினால் கடகடவென்று ஆட வேண்டும். ஒட்டியிருந்தால் எண்ணெய் டேங்குக்குத் திரும்பாது. இன்ஜின் எடுத்ததும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், எண்ணெய் திரும்பி விட்டுவிட்டு விழுவது தெரியும். தெரியவில்லையா, உடனே அணையுங்கள்.

கிக் அடிப்பது பலத்தில் இல்லை. "அதத் தொட்டுறாதீங்க மாப்ள, எங்கய்யாவையே தூக்கி எறிஞ்ச வண்டி" என்று மாமா சொன்னதற்குக் காரணம் ஹேண்டில்பாரில் இருக்கிற ஒரு சின்ன லீவர். பொறி எப்போது விழ வேண்டும் என்பதை அதுதான் முன்னே பின்னே தள்ளுகிறது. முழு அட்வான்ஸில், அதாவது பொறி ரொம்ப முன்னாலேயே விழுகிற மாதிரி, வைத்துக் கிக் அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து, கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் போய்விடும். ஆகவே லீவரைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டரில் இருக்கிற டிக்லர் பொத்தானைப் பெட்ரோல் கசியும் வரை அமுக்குங்கள். காற்று லீவரை மூடுங்கள், நம்ம ஊரில் மதிய நேரத்தில் அதுகூடத் தேவைப்படாது. கிளட்சுக்குக் கீழே இருக்கிற, வால்வைத் தூக்கி அமுக்கத்தை வெளியேற்றுகிற வால்வு லிஃப்டரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சும்மா மிதித்து விடுங்கள். பிறகு லிஃப்டரை விட்டு மெல்ல மிதித்தால் ஓர் இடத்தில் கெட்டியாக நிற்கும். லிஃப்டரை ஒரு நொடி இழுத்து அந்த இடத்தைக் கொஞ்சம் தாண்ட வைத்து, கிக்கரை மேலே வர விட்டு, இப்போது முழு உடம்பையும் ஏற்றி ஒரே மிதி. முழங்காலை விறைக்காதீர்கள், செருப்புக் காலோடு வேண்டவே வேண்டாம். எடுத்ததும் லீவரை முன்னே தள்ளிவிடுங்கள், பின்னாலேயே விட்டு ஓட்டினால் சைலன்சர் குழாய் பழுக்கும், வெளிவால்வு கருகும்.

ஓட்டும்போது கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குச் சிரமம் இல்லை, மற்றவர்கள் காலி மைதானத்தில் ஒரு நாள் சுற்றிவிட்டு வாருங்கள், ஏனென்றால் பயத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். முன் பிரேக்கை நம்பி கோரிப்பாளையம் சிக்னலில் மினி பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், நாலு வண்டி இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் ஷேர் ஆட்டோ நுழையும், நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள். புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 800 கிலோமீட்டர் வரைக்கும் 50-ஐத் தாண்ட வேண்டாம். முதல் சூடு ஆறியதும் ஹெட் போல்ட்டை ஒரு சுற்றுப் பார்த்து இறுக்குங்கள், 400-இல் எண்ணெய் மாற்றுங்கள்.

பழக நல்ல ரோடு அழகர்கோவில் ரோடுதான். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் காற்று குளிர்ச்சி, புளியமர நிழல், மேக்னட்டோவும் கோபப்படாது. திரும்பும்போது ஒரு பருத்திப்பால் கடையில் நிறுத்தி, இன்ஜின் ஆறும் வரை நட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம், இந்த வண்டி அதிர்விலேயே பாதியைக் கழற்றிவிடும். பையில் ஒரு பிளக், கிளட்ச் கேபிள், செயினை இணைக்கிற லாக், கட்டுக்கம்பி, அந்த மூன்று ஸ்பேனர். ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாவியைத் தேடாதீர்கள், சாவியே கிடையாது. பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு பழைய தாம்பாளத்தை வையுங்கள். என் வீட்டில் அதற்கென்று ஒன்று ஒதுக்கியாயிற்று, சீர்வரிசையில் வந்தது என்பது மட்டும் மாமாவுக்கு இன்னும் தெரியாது. ஸ்பேனர் கொடுத்த பெரியவரை அந்த வார ஞாயிற்றுக்கிழமையே தெப்பக்குளத்தைச் சுற்றிக் கூட்டிப் போனேன். இறங்கியவர் முதலில் பார்த்தது, நான் உருட்டி வைத்திருந்த அந்த நாலு நட்டைத்தான்.