ஊர்னேஷ் கிராமத்துக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா?

சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் மலைப்பகுதியில் இருக்கும் ஊர்னேஷ் கிராமத்தில் புத்தாண்டுக் கொண்டாட்டம் இரண்டு தடவை வரும். டிசம்பர் 31 ஒன்று. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 13 இன்னொன்று. இரண்டில் எந்த நாள் ஞாயிறாக அமைந்தாலும் முந்தின நாள் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள். இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிட வேண்டாம்.

'கிளாவுஸ்' எனப்படும் முகமூடிக்காரர்கள் இருட்டு விலகும் முன்பே குழுவாகக் கிளம்பி, வீடு வீடாகப் போய் மணி குலுக்கி, சொற்களே இல்லாத 'சொய்யர்லி' பாட்டைப் பாடுவார்கள். வீட்டுக்காரர் சூடான ஒயினை நீட்ட, முகமூடியைக் கழற்றாமலே ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்!

அழகு வேடக்காரர்களின் தலையில் மரத்தில் செதுக்கிய ஊர்க்காட்சிகள் இருக்கும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். வைக்கோலும் தழையும் போர்த்திய கோர முகங்களைக் கண்டால் அழுதுவிடலாம். முந்தின நாளே படம் காட்டிப் பழக்கிவிடுங்கள். மணிச் சத்தம் காதைப் பிளக்கும், கைக்குழந்தைக்குக் காது மூடி அவசியம்.

பாட்டு நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். அது அந்த வீட்டாருக்கான வாழ்த்து. நாம் ஓரமாக நின்று கேட்கலாம்.

அப்புறம், பனியில் வழுக்காத ஷூ. குளிர் தாங்கவில்லையா, ஊரிலேயே மரபு அருங்காட்சியகம் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.