நிறுத்திய காரும் தீப்பிடிக்கும்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பழைய கார் வாங்கியிருக்கிறீர்களா? முன்கண்ணாடியில் ஒட்டிய வட்டமான லைசென்ஸ் டிஸ்க்கிலேயே எழுத்தும் எண்ணும் கலந்த 17 இட வின் எண், அதாவது காரின் அடையாள எண், இருக்கிறது. படம் பிடித்து டீலரிடம் காட்டி, ரீகால் (கோளாறுள்ள காரைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) உண்டா என்று கேளுங்கள். ரீகால் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கலாம்!

2017-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் 4,556 ஃபோர்டு கூகா கார்களைத் திரும்ப அழைத்தது இன்ஜின் சூடேறும் கோளாறுக்காக. நிற்கும் காரின் கதை வேறு. சாவியை எடுத்த பிறகும் ஏபிஎஸ் பெட்டிக்கு (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) பேட்டரி மின்சாரம் போகும். சில மாடல்களில் உள்ளே பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆனால், நடுராத்திரியிலும் பற்றிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட ரீகால் என்றால், சரிசெய்யும்வரை கராஜுக்குள் விடாதீர்கள். திருட்டுப் பயம் இருக்கத்தான் செய்யும், சரி. கேட்டுக்கு உள்ளேயே, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.