தொழில் வழிகாட்டல் அறைக்குப் பிள்ளைகளை வரவைப்பது எப்படி?

கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படிப்பிக்கிறேன். தொழில் வழிகாட்டலும் என் தலையில்தான். உங்களுக்கும் இந்தப் பொறுப்பு இப்படித்தான் வந்து சேர்ந்ததென்றால், முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள்.

மல்லாவி, ஒட்டுசுட்டான், விசுவமடுப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பு முடிந்த கையோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பின்னேரம் நாலு மணிக்குக் கருத்தரங்கு வைத்துவிட்டு, ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை. காலைத் தேநீர் நேரத்தை ஒட்டி, அவர்கள் வேலை பழகும் இடத்துக்கே போய் இருபது நிமிடம் கதையுங்கள். நாளையும் பார்த்து வையுங்கள். பெரும்போக அறுவடை நடக்கும்போதோ வற்றாப்பளைப் பொங்கலன்றோ தொழிற்சந்தை வைத்தால் கதிரைகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது சுயவிபரக்கோவை. "என்ன வேலைக்குப் போக விருப்பம்?" என்று தொடங்காதீர்கள். "எதெண்டாலும் சரி மிஸ்" என்பதோடு கதை முடிந்துவிடும். "போன லீவுக்கு என்ன செய்தனீர்?" என்று கேளுங்கள். அப்போதுதான் வரும்: மாமாவோடு அறுவடை மெஷினில் போனது, வயலுக்குள் அறுந்த பெல்ட்டை மாற்றியது, தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டியது, அக்காவின் கடையில் கடன் கொப்பி பார்த்தது. இதில் ஒன்றைக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டுக் கேட்டல் என்று மட்டும் இருக்கும்! அந்தப் பம்பை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பழுது, முதலில் எதைச் சோதித்தீர், எதை மாற்றினதும் ஓடியது? பதிலை முதலில் தமிழில் சொல்லவிட்டு, பிறகு அதையே நாலைந்து சின்ன ஆங்கில வசனமாக்கிப் பழக்குங்கள். நேர்முகத் தேர்வுக்கு இது போதும். மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தைவிட எவ்வளவோ மேல்.

வீட்டில் கராஜ் வேலை தெரிந்த அண்ணன் இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள். முழுப் பயிற்சிநெறியையும் படிக்காமல், மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

பெற்றோரை விட்டுவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. எங்கள் பக்கத்தில் உத்தியோகம் என்றால் அரச உத்தியோகம்தான். "கொம்பனி வேலைக்குப் பென்சன் இருக்கோ மிஸ்?" என்று அம்மாமார் கேட்பார்கள். அதற்கு அறிவுரை சொல்லாமல் கணக்கைக் காட்டுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) கழிக்கும் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், பிள்ளையிடம் 8 வீதம், அதாவது 3,200 ரூபாய் அந்த நிதிக்குப் போகும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 4,800 ரூபாய் போட வேண்டும். அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எப்.புக்கு 3 வீதம், 1,200 ரூபாய். அதுவும் முதலாளியின் காசு. மாதாமாதம் வரும் பென்சன் இல்லைதான், அதை ஒளிக்க வேண்டாம். ஆனால் ஒன்றுமே இல்லை என்ற பயம் போய்விடும். அதே கணக்கு, ஈ.பி.எப். கட்டாத முதலாளியிடம் பிள்ளையை அனுப்பக்கூடாது என்பதையும் உங்களுக்குச் சொல்லித்தரும்.

வேலை தேட உடனே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. பரந்தனிலிருந்து வவுனியா வரை ஏ-9 வீதியோரம் உள்ள கராஜ்கள், அரிசி ஆலைகள், சோலார் பூட்டுபவர்களிடம் முதலில் போங்கள். "வேலை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "ஒரு பிள்ளையை ஒரு மாதம் பழக்குவீர்களா?" என்று கேட்டால் யோசிப்பார்கள்.

கட்டுநாயக்க, பியகம வர்த்தக வலயங்கள் என்று தூர அனுப்பினால், வேலைக்கு முன்னரே தங்குமிடத்தை விசாரியுங்கள். பிள்ளைகள் திரும்பி வருவது பெரும்பாலும் வேலை கஷ்டம் என்பதால் இல்லை. சாப்பாடு, அறை வாடகை, சிங்களம் தெரியாத தவிப்பு, இவைதான். அங்கே ஏற்கெனவே நிற்கும் பழைய மாணவர் ஒருவரின் நம்பரைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இரண்டாம் கிழமை நீங்களே போன் எடுங்கள். முதல் சம்பளம் வந்ததும் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, ஈ.பி.எப். இலக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.