21 வயதுக்குப் பின் பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முறை

பிரித்தானியாவில் இளமாணிப் படிப்பைத் தொடங்கும் நாளில் 21 வயது நிறைந்துவிட்ட எவரும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் முதிர்நிலை மாணவரே. இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருபவரும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு வருபவரும் நிரப்புவது, பாடசாலையிலிருந்து நேரே வரும் 18 வயதினர் நிரப்பும் அதே யூகாஸ் (பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பு) படிவத்தைத்தான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தகைமைகளைச் சரிபார்ப்பது, எழுதியதைத் திருத்துவது, பரிந்துரை வழங்குவது ஆகிய மூன்றையும் பாடசாலை மாணவருக்கு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்களோ அவற்றை நீங்களே ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும்.

படிவத்தைத் திறப்பதற்கு முன், நீங்கள் விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தப் படிப்பு, கையில் உள்ள தகைமைகள் எவை, அவற்றைப் பெற்ற ஆண்டு எது, அதன் பின் என்ன வேலை செய்தீர்கள் என்பதைப் பத்து வரிக்குள் எழுதி, இவற்றைக் கொண்டு விண்ணப்பிக்கலாமா, அல்லது அண்மைக்காலப் படிப்பு ஏதாவது தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள். இணையத்தளத்தில் அச்சிட்டிருக்கும் நுழைவுத் தகைமை பெரும்பாலும் ஏ லெவல் (பிரித்தானிய உயர்தரப் பரீட்சை) மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை வாசித்துவிட்டுத் தமக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுபவர்கள் பலர், ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேறு பதில் பெற்றிருப்பார்கள்.

இலங்கையில் க.பொ.த. உயர்தரம் எழுதியவர்கள் அந்தப் பெறுபேறுகளைத் தவறாமல் குறிப்பிட வேண்டும், சித்தியடையாத பாடங்கள் உட்பட. சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து பெறுபேற்றுச் சான்றிதழைப் பெறலாம். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள். வெளிநாட்டுத் தகைமை பிரித்தானியாவில் எதற்கு ஈடானது என்பதை யூகே எனிக் என்னும் தகைமை ஒப்பீட்டு நிறுவனம் கட்டணம் பெற்று எழுத்தில் உறுதிப்படுத்தும். ஆயினும் பல பல்கலைக்கழகங்கள் அந்த ஒப்பீட்டைத் தாமே செய்துகொள்வதால், அவை கேட்கும்வரை அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

போதிய தகைமை இல்லையெனில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமான வழி, பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் அக்சஸ் டிப்ளோமா. முழுநேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஓராண்டில் முடியும் இதில் 60 புள்ளிகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் நிலையில் (ஏ லெவலுக்கு ஈடான நிலை) பெறும் 45 புள்ளிகளுக்கே தரம் வழங்கப்படும், பல்கலைக்கழகமும் அந்தத் தரத்தையே பார்க்கும். இங்கிலாந்தில் இதற்கெனக் கடன் பெற்றுப் படித்து, பின்னர் பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்தால், அக்சஸ் கடனில் மீதியிருப்பது தள்ளுபடியாகும். ஒரே எச்சரிக்கை: ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களில் ஜி.சி.எஸ்.இ. (16 வயதளவில் எழுதும் பாடசாலைப் பரீட்சை) அல்லது அதற்கு ஈடான சித்தியைத் தாதியர் படிப்பு போன்றவை தனியாகக் கேட்கும். அக்சஸ் டிப்ளோமா மட்டும் அந்தக் குறையை நிரப்பாது.

இனி, படிவத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும், அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதியான தனிநபர் கூற்று. 2026 அனுமதியிலிருந்து இது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தீர்கள், இதுவரை கற்றவை உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தின, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள்; இடைவெளிகளையும் சேர்த்து மூன்றுக்கும் மொத்தம் 4,000 எழுத்துகள். முதிர்நிலை மாணவரின் பலம் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் அங்கே வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி, ஏன் இவ்வளவு காலம் படிக்கவில்லை என்பதற்கு மன்னிப்புக் கேட்பது போல முடித்துவிடுகிறார்கள்.

கணக்கியல் படிக்க விரும்பும் ஒருவர், ‘எட்டு ஆண்டுகளாகப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறேன், நான் கடின உழைப்பாளி’ என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். வாசிப்பவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. அதே மனிதர், ‘வேலைமுறை முடியும் ஒவ்வொரு காலையும் காசுப்பெட்டியின் தொகையை இருப்புப் பதிவோடு ஒப்பிட்டேன், சிகரெட் இருப்பில் திரும்பத் திரும்ப வந்த வித்தியாசம், மீளளிப்புகள் இரண்டு முறை பதியப்பட்டதால் ஏற்பட்டது என்று கண்டுபிடித்தேன், பதிவுகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது’ என்று எழுதினால், வேலை மாறவில்லை, ஆனால் அது படிப்புக்கான சான்றாகிவிடுகிறது. வீட்டில் முதியவரைப் பராமரித்ததையும் கோயில் நிர்வாகக் கணக்கைப் பார்த்ததையும் இப்படியே எழுதலாம். இடைவெளி ஆண்டுகளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

பரிந்துரையைக் குடும்பத்தினரோ நண்பர்களோ எழுத முடியாது. முகாமையாளர், தொண்டு வேலையில் மேற்பார்வை செய்தவர், அண்மையில் கற்பித்தவர் ஆகியோர் பொருத்தமானவர்கள். எழுதப்போகிறவருக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பு எது என்பதையும் அதற்குத் தொடர்பான உங்கள் வேலைகளையும் சுருக்கமாக அனுப்பிவையுங்கள். யூகாஸ் அவருக்கு அனுப்பும் மின்னஞ்சல் வேண்டாத அஞ்சல்களுக்குள் போய் விழுவதுண்டு; என் விண்ணப்பம் அப்படித்தான் இரண்டு வாரம் அசையாமல் கிடந்தது.

ஐந்து தெரிவுகள் வரை அனுமதி உண்டு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்கும், பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கும் ஒக்டோபர் 15 கடைசி நாள். பெரும்பாலான ஏனைய படிப்புகளுக்கு ஜனவரியில் வரும் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், 2026 அனுமதிக்கு அது ஜனவரி 14. ஜூன் 30க்குப் பின் அனுப்பினால், நிரம்பாத இடங்களை நிரப்பும் கிளியரிங் முறையில்தான் இடம் தேட வேண்டும். பகுதிநேரப் படிப்புக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திடமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். 1969இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும் அப்படியே. அங்கே பெரும்பாலான இளமாணிப் படிப்புகளுக்கு முன்தகைமையே கேட்பதில்லை.

கல்விக் கடனுக்கான விண்ணப்பம் யூகாஸுக்கு வெளியே தனியாகச் செய்ய வேண்டியது. குடிவரவு நிலையையும் நாட்டில் வாழ்ந்த காலத்தையும் பொறுத்தே தகுதி அமைவதால், உங்கள் ஆவணங்களோடு முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு, அது யாழ்ப்பாணத்தில் பெற்றதாயினும், இரண்டாவது பட்டத்துக்கான கடனில் மட்டுப்பாடுகள் வரலாம். தாதியர் படிப்பு போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தில் முழுநேரம் படிக்கும் பெற்றோருக்கு, வருமானத்தைப் பொறுத்து, சிறுவர் பராமரிப்புக்கும் கற்றல் செலவுக்கும் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத மானியங்கள் உள்ளன. கேட்காதவருக்கு அவற்றை யாரும் தேடிவந்து கொடுப்பதில்லை. இடம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விருப்பமான படிப்பின் பெயரைக் கொடுத்துக் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டு, பின்னர் படிப்பு மாறினால் அதைத் திருத்திக்கொள்ளலாம்.