குத்துச்சண்டைத் தீர்ப்பைச் சந்தேகிக்கும் முன் நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள்

தீர்ப்பு வந்த மறுநொடியே "நடுவர்களை விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்று கொதிப்பது எளிது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை அப்படிப் பேச நான் விடுவதில்லை. நோட்டை எடு, நீயே மதிப்பெண் போடு, பிறகு பேசு என்பேன். அநியாயம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்தச் சுற்றில், எந்த நடுவரின் மதிப்பெண் அட்டையில் என்று விரல் வைத்துக் காட்டத் தெரியாதவரின் பேச்சு எங்கும் எடுபடாது.

முதலில் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் ஒருவரைப் புகழத் தொடங்கிவிட்டால் மற்றவர் விடும் குத்து நம் கண்ணில் படாது. கூட்டத்தின் கூச்சலும் அப்படித்தான்: தங்கள் ஆள் கையை வீசினாலே அரங்கம் அதிரும், அது எதிராளியின் கையுறையில் பட்டுத் தெறித்திருந்தாலும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் அந்த ஒரு நிமிட இடைவேளைக்குள், மறுஒளிபரப்பைப் பார்க்காமல், 10-9 என்று எழுதுங்கள்: சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் குறியுங்கள். கடைசிச் சுற்று முடியும்வரை கூட்டிப் பார்க்காதீர்கள். யார் முன்னால் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அடுத்த சுற்றை நேர்மையாகப் பார்ப்பது கடினம்.

தொழில்முறைப் போட்டியில் நடுவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் ஆக்ரோஷம், ஆட்டத்தைத் தன் போக்கில் நடத்தும் திறன், தற்காப்பு. பலன் தரும் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போடுங்கள். முன்னேறி வந்துகொண்டே இருப்பது மட்டும் ஆக்ரோஷம் ஆகாது. வந்தவர் அடி கொடுத்தாரா, வாங்கினாரா என்பதே கேள்வி. நடைமுறையில் இங்கேதான் பாணி தீர்ப்பை வளைக்கிறது. முன்னேறுபவர் ஆட்டத்தைத் தன் பிடியில் வைத்திருப்பதுபோலத் தெரிவார், பின்வாங்கி எதிர்க்குத்து விடுபவர் ஓடுவதுபோலத் தெரிவார். 1993இல் பெர்னெல் விட்டேக்கர், ஹூலியோ சேசர் சாவேஸின் குத்துகளைத் தொடர்ந்து காற்றில் விடவைத்து, ஜாபால், அதாவது முன்கையை நேரே நீட்டி விடும் குத்தால், அவரைக் கட்டிப்போட்டார். மூன்று நடுவர்களில் இருவர் 115-115 என்று எழுத, ஆட்டம் சமனானது. இன்றுவரை என் மனம் அதை ஏற்கவில்லை.

விலாவில் விழும் குத்துக்கும் இதே கதி. தலையில் பட்டால் வியர்வை தெறிக்கும், தலை பின்னுக்குச் சாயும். தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும். ஈரலுக்கு நேரே இறங்கும் இடது ஹூக்குக்கு, கையை வளைத்து வீசும் அந்தக் குத்துக்கு, அந்த ஆடம்பரம் கிடையாது. என் மாணவன் ஒருவன் ஒரு போட்டியில் மூன்று குத்துகளைத் தோளைச் சாய்த்தே தவிர்த்துவிட்டு, அதே அசைவில் எதிராளியின் விலாவில் ஒன்று இறக்கினான். எதிராளியின் வலது முழங்கை அதன்பின் உடம்பை விட்டு விலகவே இல்லை. நடுவர்கள் சுற்றை எதிராளிக்குக் கொடுத்தார்கள். ஆகவே பிள்ளைகளிடம் சொல்வேன்: குத்துபவரைப் பார்க்காதே, வாங்குபவரின் காலையும் முழங்கையையும் பார்.

சுற்றின் கடைசி அரை நிமிடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1987இல் மார்வின் ஹாக்லருக்கு எதிராக ஷுகர் ரே லெனர்ட் சுற்று முடியும் தறுவாயில் சரமாரியாகக் குத்தி நடுவர்களின் கண்ணைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு நடுவர் ஹாக்லருக்கு 115-113, இன்னொருவர் லெனர்டுக்கு 115-113, மூன்றாமவர் லெனர்டுக்கு 118-110. ஒரே ஆட்டத்தைப் பார்த்த மூவர்!

அடுத்து கணக்கு. பன்னிரண்டு சுற்றில் ஏழை மயிரிழையில் வென்றவருக்கு 115. மற்ற ஐந்தில் அவரைத் துவைத்தெடுத்தவருக்கு 113. வீழ்த்தல் இல்லாத சுற்று எவ்வளவு ஒருபக்கமாக இருந்தாலும் பெரும்பாலும் 10-9தான். "அதிகம் அடித்தவர் தோற்றார்" என்ற புகார்களில் பாதி இந்தக் கணக்கிலேயே கரைந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் தோற்றதும் இந்த வகைதான். முதல் சுற்றில் ஐந்து நடுவர்களில் நால்வர் இங்ரிட் வாலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு சுற்றுகளிலும் மூவர் மேரி பக்கம். சுற்றுகளை எண்ணினால் அவருக்கு இரண்டு. ஆனால் அங்கே சுற்றுகளை எண்ணுவதில்லை, ஒவ்வொரு நடுவரின் அட்டையையும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள். கூட்டியபோது 3-2 என்று வாலென்சியா வென்றார்.

இத்தனையும் செய்தபிறகும் அட்டை உறுத்துகிறதா? அப்போது சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. நெருக்கமான சுற்றுகளை ஒதுக்கிவிட்டு, யார் பார்த்தாலும் ஒருவருக்கே போகும் சுற்றுகளை மட்டும் எடுங்கள். 1999இல் லெனாக்ஸ் லூயிஸ் ஐந்தாம் சுற்றில் இவாண்டர் ஹோலிஃபீல்டைக் கயிற்றோரம் நிறுத்தி அடித்தார். ஒரு நடுவர் அதை ஹோலிஃபீல்டுக்கு எழுதினார். பாணி, கோணம், ரசனை என்று எதைச் சொன்னாலும் அப்படி ஒரு சுற்றுக்குச் சமாதானம் ஆகாது. 2017இல் கோலோவ்கின்-அல்வாரெஸ் ஆட்டத்தில் ஒருவர் 115-113 என்று கோலோவ்கினுக்கும், ஒருவர் 114-114 என்றும் எழுத, மூன்றாமவர் 118-110 என்று அல்வாரெஸுக்கு எழுதினார். கோலோவ்கினுக்கு இரண்டே சுற்றுகள். அந்த ஒரு அட்டையைத்தான் சுற்று சுற்றாக விசாரிக்க வேண்டும். சாய்வு எப்போதும் உள்ளூர்க்காரர் பக்கமோ, அடுத்த ஆட்டத்தில் அதிகப் பணம் புரளக்கூடியவர் பக்கமோதானா என்று அதே நடுவரின் பழைய அட்டைகளையும் பாருங்கள்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் பதித்தும், 32 பதித்த உள்ளூர் வீரர் பார்க் சி-ஹுனிடம் 3-2 எனத் தோற்றார். அதன்பின் ஒலிம்பிக்கில் கணினி முறை வந்தது: ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. விளைவு, அடுக்கடுக்கான குத்துகளும் விலாக் குத்தும் மதிப்பிழந்தன; தலைக்கு ஒன்று விட்டுவிட்டு விலகும் ஆட்டம் பெருகியது. 2013இல் பத்து மதிப்பெண் முறைக்கு அமெச்சூர் குத்துச்சண்டை மாறியது.

நீங்களே மேடையேறுபவர், எதிர்க்குத்துதான் உங்கள் பாணி என்றால், பாணியை மாற்றாதீர்கள். குத்து விழுந்ததும் ஓரடி முன்னே வையுங்கள், பின்னே அல்ல. மணி அடிக்கும்போது மேடையின் நடுவில் நில்லுங்கள். விலாவில் அடித்த கையோடு தலைக்கும் ஒன்று சேர்த்துவிடுங்கள், அது நடுவருக்கு.